கயல்தீவுக்கு ஒரேயொரு விமானம்: சிறியதா, நடுத்தரமா, ஜெட்டா, இரவலா?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வாழும் இளம் எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து, கயல்தீவு என்ற கற்பனை நாடொன்றைத் தொடர்கதையாக வளர்த்து வருகிறார்கள். அந்த நாட்டுக்குக் கொடி உண்டு, நாணயம் உண்டு, ஒன்றையொன்று ஏசிக்கொள்ளும் இரண்டு கட்சிகளும் உண்டு. 'கயல் எயார்' என்ற விமான சேவையும் உண்டு. ஆனால் அதன் ஒரேயொரு விமானம் எந்த வகை என்பதில் மாத்திரம் அவர்களுக்குள் உடன்பாடு வரவில்லை. ஒருவர் ஜெட்தான் வேண்டும் என்கிறார்; இன்னொருவர் கடலிலும் இறங்கும் சிறு விமானம் போதும் என்கிறார்; மூன்றாமவரோ, விமானமே வாங்க வேண்டாம், பக்கத்து நாட்டிடம் இரவல் எடுத்தால் என்ன என்று கேட்கிறார். தீர்ப்புச் சொல்லும்படி என்னிடம் வந்த கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

கற்பனை நாடுதானே, எந்த விமானத்தைக் கொடுத்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் ஒரே விமானத்தை நம்பி இருந்த உண்மையான நாடுகள் உள்ளன. பசிபிக் சமுத்திரத்திலுள்ள நவூரு 1970இல் தன் விமான சேவையைத் தொடங்கி, பொஸ்பேற்று ஏற்றுமதி கொழித்த காலத்தில் பல போயிங் ஜெட்களை வைத்திருந்தது. அந்த வருமானம் வற்றியபின் சேவை ஒற்றை 737-400 விமானத்துக்குச் சுருங்கியது. கடனைக் கட்ட முடியாமற்போக, 2005 டிசம்பரில் அந்த ஒன்றும் பறிமுதலானது. அடுத்த ஆண்டு வேறு பெயரில், வேறொரு 737 விமானத்துடன் சேவை மீண்டும் தொடங்கும்வரை, அந்நாட்டுக்குச் சொந்த விமானம் என்று எதுவும் இருக்கவில்லை. கயல்தீவின் எழுத்தாளர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது.

## நாட்டின் நிலை

எழுத்தாளர்கள் தந்த விவரங்களின்படி கயல்தீவின் மக்கள்தொகை 14,000. தலைநகர்த் தீவில் 1,500 மீற்றர் தார் ஓடுபாதை ஒன்று இருக்கிறது. இரண்டு வெளித்தீவுகளில் பவளக்கல் பரப்பிய 600 மீற்றர் இறங்குதளங்கள் உள்ளன. மிக அருகிலுள்ள பெரிய விமான நிலையம் 700 கிலோமீற்றர் தொலைவில் அயல்நாட்டில் இருக்கிறது. இடையில் கடலைத் தவிர வேறெதுவும் இல்லை. மழையும் காற்றும் நம்முடையவையே: கார்த்திகை முதல் தை வரை வாடைப் பருவம், இடையிடையே 1978ஆம் ஆண்டுச் சூறாவளியை நினைவூட்டும் புயல்கள்.

1,500 மீற்றர் என்பது நமக்குப் பழக்கமான அளவு. திமிலைதீவிலுள்ள மட்டக்களப்பு விமான நிலையத்தின் ஓடுபாதை அதைவிடச் சற்றே நீளமானது. அது 2018இல் சர்வதேச விமான நிலையமாக அறிவிக்கப்பட்டபோதிலும், அங்கே வந்துபோகும் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் செஸ்னா கரவன் போன்ற சிறியவையே. அறிவிப்பு ஒன்று, ஓடுபாதை அனுமதிப்பது வேறொன்று என்பதை இவ்வூர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதலாவதும் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானதுமான அளவுகோல், விமானம் பறக்காத நாள். எந்த விமானமும் ஆண்டு முழுவதும் பறப்பதில்லை. சிறு பரிசோதனை ஓர் இரவில் முடிந்துவிடும். பெரிய பரிசோதனை வாரக்கணக்கில் இழுக்கும். பறவை மோதும், சில்லு தேயும், விமானிக்குக் காய்ச்சல் வரும். பத்து விமானங்கள் உள்ள நிறுவனம், அவற்றில் ஒன்று முடங்கினால் மற்ற ஒன்பதையும் மாற்றியமைத்துச் சமாளிக்கும். ஒன்றே உள்ள நாட்டுக்கு அந்த ஒன்று முடங்கினால் வெளியுலகமே இல்லை. ஆகவே எந்த விமானம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், அதே வகையை அயலில் வேறு யார் ஓட்டுகிறார்கள், உதிரிப்பாகமும் பொறியியலாளரும் மாற்று விமானமும் எத்தனை மணி நேரத்தில் வந்துசேரும் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது ஓடுபாதை. விற்பனைக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் தூரம் பெரும்பாலும் கடல்மட்டத்தில் 15 பாகை வெப்பநிலைக்கு உரியது. நம் பக்கத்து நண்பகல் வெயிலில் விமானம் எழும்ப அதைவிட நீண்ட தூரம் ஓட வேண்டும். இறங்குவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பரவலாகப் பின்பற்றப்படும் விதிகளின்படி, பயணிகள் ஜெட் ஒன்று ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள்ளும், சுழல்விசிறி விமானம் 70 சதவீதத்துக்குள்ளும் நின்றுவிட முடியும் என்று புறப்படுமுன்னரே காட்ட வேண்டும். கயல்தீவில் ஜெட்டுக்கு 900 மீற்றரும் விசிறி விமானத்துக்கு 1,050 மீற்றரும் கிடைக்கும். ஓடுபாதை நனைந்திருந்தால் தேவைப்படும் நீளம் மேலும் 15 சதவீதம் கூடும்.

மூன்றாவது, திரும்பிப்போக வேறு இடமில்லாத கடல். அருகில் மாற்று விமான நிலையம் இல்லாத தனித்த தீவுக்குப் பறக்கும் விமானம், தீவுக்கு மேல் வந்தபின்னும் இரண்டு மணி நேரம் பறக்கக்கூடிய எரிபொருளை வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். அந்த எரிபொருளின் நிறை பயணிகளின் எண்ணிக்கையைத் தின்றுவிடும். இரட்டை இயந்திர விமானங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு: ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் மற்றதைக் கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனுமொரு விமான நிலையத்தை எட்டக்கூடிய தூரத்துக்குள்ளேயே பறக்க வேண்டும், அதைத் தாண்டினால் விசேட அனுமதி பெற வேண்டும். 700 கிலோமீற்றரின் நடுவழி 350. அதை ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடலாம். எழுத்தாளர்கள் கதைக்காக அயல்நாட்டை 900 கிலோமீற்றருக்குத் தள்ளிவைத்தால், விமானத்தை மாற்றாமலே அனுமதிக் கோப்பின் தடிப்பு இரட்டிப்பாகும்.

நான்காவது வெளித்தீவுகள். ஐந்தாவது பணம், அதில் விலையைவிட மறைசெலவுகளே பெரியவை.

## ட்வின் ஓட்டர்

கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் வடிவமைத்து, 1965இல் முதன்முதலாகப் பறந்த இந்த 19 இருக்கை விமானத்துக்கு வெளித்தீவுகளின் 600 மீற்றர் பவளக்கல் தளம் தாராளம். சில்லுக்குப் பதிலாக மிதவை பூட்டினால் கடலேரியிலும் இறங்கும்; மாலைதீவின் உல்லாச விடுதிகளுக்குச் செல்லும் கடல் விமானங்கள் இவைதாம். 19 இருக்கை வரையுள்ள விமானத்தில் விமானப் பணியாளர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் பல நாடுகளில் இல்லை. விமானத்தின் நீளத்தைப் பொறுத்து விமான நிலையம் வைத்திருக்க வேண்டிய தீயணைப்பு வசதியை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; அதிலும் இது குறைந்த வகுப்பில் அடங்கிவிடும்.

சிக்கல் அயல்நாட்டுப் பயணத்தில் தொடங்குகிறது. மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டரை மணி நேரம் பறந்து, அதற்குமேல் இரண்டு மணி நேர எரிபொருளையும் சுமந்தால், இருக்கைகளில் ஏறத்தாழ பாதிதான் நிரப்ப முடியும். விமானத்துக்குள் காற்றழுத்தம் கிடையாது; ஆகவே மேகத்துக்கு மேலே ஏறித் தப்ப முடியாமல், வாடைக்கால மழைக்குள்ளேயே 3,000 மீற்றருக்குக் கீழே ஆடிக்கொண்டு போக வேண்டும். கழிப்பறையும் இல்லை. பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணை அயல்நாட்டு மருத்துவமனைக்கு அந்த விமானத்தில் அனுப்பும் அத்தியாயத்தை எழுதப் போகிறவர் இதை மறக்கக் கூடாது.

மிதவை என்றதும் மனம் மயங்குகிறது. ஆனால் மிதவை பூட்டினால் வேகமும் சுமையும் குறைகின்றன. உப்புநீர் பட்ட உடலை அன்றாடம் நன்னீரால் கழுவ வேண்டும். இரவில் கடலில் இறங்க முடியாது. தீவுகளுக்கிடையே ஆசிரியரையும் தபாலையும் வாக்குப்பெட்டியையும் கொண்டுபோவதே முதன்மைத் தேவை என்றால் இதற்கு நிகரான விமானம் இல்லை. நாட்டின் ஒரே வெளிவாசல் என்றால் இது போதாது.

## ஏ.ரி.ஆர். 42 அல்லது 72

பிரான்சும் இத்தாலியும் கூட்டாகத் தயாரிக்கும் இந்த விசிறி விமானத்தை, 2019 முதல் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே பயணித்தவர்கள் நேரில் அறிவார்கள். பயணிகள் வாலோரக் கதவால் ஏற, பொதிகள் முன்பக்க அறைக்குள் போகும். கூர்ந்து பார்த்தவர்கள் இன்னொன்றையும் கண்டிருப்பார்கள்: தரையில் நிற்கும்போது வலப்பக்க இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதன் விசிறி அசையாது. விசிறிக்கு மாத்திரம் தடை போட்டுவிட்டு, அந்த இயந்திரத்தையே மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். இதற்கெனத் தனியான துணை இயந்திரம் வைப்பதில்லை. தரை மின்வண்டியும் குளிரூட்டி வண்டியும் வாங்க வழியில்லாத கயல்தீவுக்கு இது சிறிய சலுகையன்று.

42-600 வகையில் ஏறத்தாழ 48 இருக்கைகள், 72-600 வகையில் ஏறத்தாழ 70 இருக்கைகள். முழு நிறையோடு எழும்ப முன்னையதற்கு ஏறத்தாழ 1,100 மீற்றரும் பின்னையதற்கு 1,300 மீற்றரும் தேவை. வெயிலின் சுமையைச் சேர்த்தாலும் 1,500 மீற்றருக்குள் இரண்டும் அடங்கும். துவாலு நாட்டின் ஃபுனாஃபுத்தி ஓடுபாதையும் இந்த நீளமே, பிஜியிலிருந்து ஏ.ரி.ஆர். 72 அங்கே வந்துபோகிறது. அயல்நாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். இரண்டு மணி நேர மேலதிக எரிபொருளுக்காகச் சில இருக்கைகளைக் காலியாக விட நேரலாம், அவ்வளவே. சூரை மீனைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி அனுப்ப முன்பக்கப் பொதி அறை உதவும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் அளவுகோலில் இதுவே முன்னிற்கிறது. இந்தியாவிலும் மாலைதீவிலும் ஏ.ரி.ஆர். விமானங்கள் ஓடுகின்றன. கயல்தீவை வங்கக் கடலிலோ இந்து சமுத்திரத்திலோ வைத்தால், முடங்கிய நாளில் மாற்று விமானத்தையும் விமானியையும் கேட்பதற்கு அயலில் ஆள் உண்டு.

மறைசெலவுகள் குறைந்தவையல்ல. குத்தகைக்கு எடுத்தால் மாத வாடகைக்குமேல், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பராமரிப்பு வைப்பு என்று ஒரு தொகை கட்ட வேண்டும்; பிணைப்பணம் முன்கூட்டியே போய்விடும். விமானிகளை ஆண்டுக்கு இருமுறை தகுதிச் சோதனைக்காக வெளிநாட்டு சிமுலேட்டருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் இல்லாத நாட்களில் ஓட்ட வேறு சோடி வேண்டும். கடற்காற்றின் உப்பு இயந்திரத்துக்குள் படிவதால் அடிக்கடி கழுவ வேண்டும். புயல் வருகிறதென்றால் விமானத்தை அயல்நாட்டுக்கு ஓட்டிப்போய் வைக்க வேண்டும். அங்கே நிறுத்துவதற்கும் வாடகை உண்டு. வெளித்தீவுகளின் 600 மீற்றர் தளம் இதற்குப் போதவே போதாது. 800 மீற்றரில் எழும்பும் 42-600எஸ் என்ற வகையை உருவாக்கும் திட்டத்தை 2024இல் நிறுவனமே கைவிட்டுவிட்டது. எனவே வெளித்தீவு ஓடுபாதைகளை அந்த அளவுக்கு நீட்டிவிடலாம் என்ற யோசனையும் கதையிலிருந்து நீங்கட்டும்.

42ஆ 72ஆ என்றால், 14,000 பேருக்கு 42 என்பேன். 22.7 மீற்றர் நீளமுள்ள 42 நான்காம் தீயணைப்பு வகுப்பில் அடங்கும்; 27.2 மீற்றர் நீளமுள்ள 72 ஐந்தாம் வகுப்புக்குப் போகும். வண்டி ஒன்றே போதும் என்றாலும், நீரும் நுரையும் கூடுதலாக வேண்டும். மேலும், பாதி காலியான 72ஐ வாரம் மூன்று முறை ஓட்டுவதைவிட, நிரம்பிய 42ஐ ஐந்து முறை ஓட்டினால் மக்களுக்குத் தெரிவு கூடும். ஆனால் அயலவர்கள் எல்லோரும் 72 வைத்திருந்தால் 72ஐயே எடுக்க வேண்டும். ஒரே குடும்ப விமானங்கள்தாம் என்றாலும், மாற்றாக வருவது அச்சொட்டாக அதே வகையாக இருப்பது அவ்வளவு முக்கியம்.

## ஜெட்

ஜெட்டைக் கேட்பவரின் வாதம் வெறும் வீம்பன்று. வாலில் தேசியக் கொடியோடு ஒரு ஜெட் அயல்நாட்டுத் தலைநகரில் இறங்குவது சிறிய நாட்டுக்கு ஒரு தூதரகம் திறந்ததற்குச் சமம். தூரம் அதிகமானால் வேறு வழியும் இல்லை. நவூருவிலிருந்து பிரிஸ்பேன் 3,000 கிலோமீற்றருக்கு மேல். விசிறி விமானம் அங்கே பேச்சுக்கே இடமில்லை.

கயல்தீவின் நிலை வேறு. எம்ப்ரேயர் இ190-இ2 விமானத்தை எடுத்துக்கொள்வோம்: ஏறத்தாழ நூறு பேர், 5,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பறப்புத் தூரம். முழு நிறையோடு எழும்ப 15 பாகையிலேயே ஏறத்தாழ 1,600 மீற்றர் கேட்கிறது. 700 கிலோமீற்றர்ப் பயணத்துக்கு அவ்வளவு எரிபொருள் வேண்டியதில்லை என்பதால் நிறையைக் குறைத்து எழும்பலாம். ஆனால் அப்போது காசு கொடுத்து வாங்கிய பறப்புத் தூரத்தைப் பயன்படுத்தாமலே வைத்திருக்கிறோம். மழையில் இறங்கும் கணக்கும் விளிம்பிலேயே நிற்கும். 36 மீற்றர் நீளத்தால் ஆறாம் தீயணைப்பு வகுப்பு வந்துவிடுகிறது. அதற்கு இரண்டு வண்டிகள், இரண்டு வண்டிக்கும் முறைமாற்றி ஆட்கள். ஒரு தடவைக்கு நூறு பேரை நிரப்ப வேண்டுமென்றால் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று பயணங்களே கிடைக்கும். மற்ற நாட்களில் விமானம் நிற்கும், வாடகை நிற்காது. யானையைக் கட்டித் தீனி போடுவது இதுதான்.

கிரிபாட்டி நாடு 2019 டிசம்பரில் இதே வகை ஜெட் ஒன்றைப் பெற்றுக்கொண்டது. சில மாதங்களில் கொரோனா எல்லைகளை மூடியது. எந்தத் திட்டத்தாலும் அதை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்றாலும், பயணி இல்லாத காலத்தில் ஏ.ரி.ஆரின் சுமையைவிட ஜெட்டின் சுமை பன்மடங்கு என்பது மாறாது.

நம் நாட்டிலேயே பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஏர் சிலோன் 1969இல் ட்ரைடன்ட் ஜெட் ஒன்றை வாங்கியது. உலகில் மொத்தம் 117 மட்டுமே தயாரிக்கப்பட்ட அந்த வகையில் இலங்கைக்கு வந்தது ஒன்றே ஒன்று. ஒரேயொரு விமானத்துக்காகத் தனி வகைப் பயிற்சி பெற்ற விமானிகளையும், தனி உதிரிப்பாகக் கையிருப்பையும், தனிப் பொறியியல் அறிவையும் பேண வேண்டியிருந்தது. வேறு விமானங்களும் இருந்த நிறுவனத்துக்கே அது சுமை என்றால், கயல் எயாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓடுபாதை 2,000 மீற்றரைத் தாண்டி, போக வேண்டிய ஊர்களும் 2,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால் ஜெட்டே சரி. அல்லது, கதைக்குச் சிக்கல் வேண்டுமென்றால்: கடன், பறிமுதல், அமைச்சர் பதவி விலகல், எல்லாம் ஒரே விமானத்தில் வந்திறங்கும்.

## இரவல் விமானம்

வெட் லீஸ் என்று துறையினர் சொல்லும் ஏற்பாட்டில், விமானம், விமானிகள், பராமரிப்பு, காப்புறுதி நான்கையும் அயல்நாட்டு நிறுவனமே தரும்; எரிபொருளும் விமான நிலையக் கட்டணங்களும் பயணச்சீட்டு விற்பனையும் கயல் எயாரின் பொறுப்பு. இதைவிட எளியது, அயல்நாட்டு நிறுவனமே தன் பெயரில் பறக்க, வாரத்துக்கு இத்தனை இருக்கைகளுக்கு அரசு பணம் உத்தரவாதம் செய்வது. சொந்த விமானி வேண்டாம், உதிரிப்பாகக் களஞ்சியம் வேண்டாம். பறக்காத நாளும் அவர்களுடைய தலைவலி.

ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஒன்று, மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி என்ற நிபந்தனை: பறந்தாலும் பறக்காவிட்டாலும் அந்தப் பணம் போகும். மற்றது, விமானம் பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று வரும் என்ற உறுதி. இரண்டாவது வரி இல்லாத ஒப்பந்தத்தில் முதல் அளவுகோலே விழுந்துவிடுகிறது. நத்தார், தைப்பொங்கல், நோன்புப் பெருநாள் காலங்களில் அயல்நாட்டாருக்கும் விமானம் தேவைப்படும். அப்போது யாருடைய பயணம் தள்ளிப்போகும் என்பதை ஊகிப்பது சிரமமன்று. அயல்நாட்டோடு மீன்பிடி எல்லைத் தகராறு வந்தால் என்ன ஆகும் என்பதையும் கயல்தீவின் இரு கட்சிகளும் பேசியாக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ட்வின் ஓட்டர் | ஏ.ரி.ஆர். 42 | ஜெட் (இ190-இ2) | இரவல் |
|---|---|---|---|---|
| இருக்கைகள் | 19. அயல்நாட்டுக்கு ஏறத்தாழ பாதி | ஏறத்தாழ 48 | ஏறத்தாழ 100 | ஒப்பந்தப்படி |
| 1,500 மீ. ஓடுபாதை | தாராளம் | போதும் | விளிம்பு | வரும் வகையைப் பொறுத்தது |
| வெளித்தீவுகள் | இறங்கும் | இறங்காது | இறங்காது | பெரும்பாலும் இறங்காது |
| தீயணைப்பு வகுப்பு | 3 | 4 | 6 | வரும் வகையைப் பொறுத்தது |
| பறக்காத நாளில் | மாலைதீவில் தேடலாம் | அயலில் கிடைக்கும் | கடினம் | தருபவரின் பொறுப்பு |
| பெரிய மறைசெலவு | உப்பு, காலி இருக்கை | பராமரிப்பு வைப்பு, பயிற்சி | நின்றாலும் வாடகை | குறைந்தபட்ச மணிகள் |

## என் தெரிவு

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இரவலே நல்லது. எத்தனை பேர் பயணிக்கிறார்கள், எந்தக் கிழமையில் பயணிக்கிறார்கள், எவ்வளவு மீன் போகிறது என்பவை அந்தக் காலத்தில் தெரிந்துவிடும். அதன்பின் இரவல் தந்தவர் வைத்திருக்கும் அதே வகை ஏ.ரி.ஆர். விமானத்தைக் குத்தகைக்கு எடுத்து, மாற்று விமான உறுதியை மாத்திரம் அவரோடு தொடர வேண்டும். பழைய ஒப்பந்தத்தின் மிக மலிவான பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைச் சொந்தமாக்குவது இது. வெளித்தீவுகளுக்கு இப்போது போல் படகே ஓடட்டும். அவசர நோயாளிக்கு மட்டும் சிறு விமானத்தை வாடகைக்கு அழைக்கலாம். இதனால் வெளித்தீவு மக்கள் இரண்டாந்தரமாக நடத்தப்படுகிறார்கள் என்று கதையில் ஒருவர் நியாயமாகவே கொதிக்கலாம். அந்தக் கோபத்துக்கு என் தெரிவில் முழுமையான பதில் இல்லை.

எழுத்தாளர்கள் இன்னும் தொடாத ஒரு முடிவும் இருக்கிறது: விமானத்தை எந்த நாட்டில் பதிவது என்பது. பதிவு செய்யும் நாடே அதன் பாதுகாப்பைக் கண்காணிக்க வேண்டும். அதற்குப் பரிசோதகர்களும் சட்டமும் அலுவலகமும் தேவை. 14,000 பேர் உள்ள நாடு, ஒரே விமானத்துக்காக அத்தனையையும் வைத்திருப்பது விமானத்தை வைத்திருப்பதைவிடச் சிரமமாகலாம். நவூரு தன் விமானங்களை அவுஸ்திரேலியாவில் பதிந்து, அந்நாட்டின் கண்காணிப்பின்கீழ் ஓட்டுகிறது. கயல்தீவும் அவ்வாறே செய்தால் வாலில் கயல் மீன் இருக்கும், பதிவெழுத்து மட்டும் அயல்நாட்டுடையதாக இருக்கும். இதில் இரு கட்சிகளும் என்ன சொல்லும் என்பதை எழுத்தாளர்களே முடிவு செய்யட்டும். ஆனால் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அத்தியாயத்துக்கு முன்னரே அதை முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் குத்தகைக்குத் தருபவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.